பக்கத்துக் கட்டிலும் பக்கத்துத் தெருவும்

அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஓர் இரவு துணைக்கு இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தலைப்பிரசவம் முடிந்த பெண். பிள்ளை வீறிட்டு அழுகிறது. மார்பில் வைத்தால் பிடிக்க மாட்டேன் என்கிறது. பிடித்தாலோ காம்பு வெடித்து உயிர் போகிற வலி. "பால் பத்தலயோ?" என்று அம்மா கவலைப்படுகிறார். "பவுடர் டின் வாங்கிட்டு வரட்டுமா?" என்று வார்டு வாசலில் நிற்கும் கணவன் கேட்கிறான். செவிலியருக்கு நின்று பேச நேரமில்லை. அடுத்த பிரசவம் காத்திருக்கிறது.

அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒருவர் மெல்ல இறங்கி வருகிறார். இரண்டாம் பிள்ளைக்காரி. "காம்ப மட்டும் குடுக்காத புள்ள. அந்தக் கறுப்பு வட்டமும் சேந்து வாய்க்குள்ள போவணும். நீ குனியாத, புள்ளைய மாரோட கொண்டா. அதோட வயிறு ஒன் வயித்தோட ஒட்டி இருக்கட்டும்" என்கிறார். பிள்ளையின் கழுத்தையும் முதுகையும் தன் கையால் தாங்கிக் காட்டுகிறார். கொஞ்ச நேரத்தில் அழுகை நிற்கிறது. இரண்டு பெண்களும் சிரித்துக்கொள்கிறார்கள்.

அந்த அக்கா என்ன சாதி? பகலில் யாராவது ஊரையும் தெருவையும் கேட்டு மோப்பம் பிடித்திருக்கலாம். அந்த இரவில் யாரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து இருவரும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒருவர் ஊர்த் தெருவுக்குப் போகிறார். இன்னொருவர் காலனிக்குப் போகிறார். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கள், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்தும் இனி ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போக முடியாது. நாம் பேச வேண்டியது இதைத்தான்.

துணை தேவைப்படும் நேரம்

பால் கொடுப்பது தாய்க்குத் தானாகவே தெரியும் என்று சொல்வது பாதி உண்மைதான். பால் சுரப்பது உடலின் வேலை. அதைக் கொடுப்பது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. முதல் இரண்டு மூன்று நாட்களில் சுரப்பது சீம்பால். சில சொட்டுகள், சில கரண்டிகள் அளவுதான் இருக்கும். பிறந்த பிள்ளையின் சிறு வயிற்றுக்குப் பெரும்பாலும் அது போதும். அதன் பிறகுதான் பால் பெருகும். தலைப்பிரசவத்திலும் சிசேரியனிலும் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப் போகலாம். பெருகும்போது மார்பு கல்லாகக் கட்டிக்கொள்ளும். தொட்டால் வலிக்கும். காய்ச்சல் அடிப்பதும் உண்டு.

மார்பு நிரப்பி வைத்த குடம் அல்ல. பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். "பத்தவில்லை" என்று பயந்து புட்டிப்பால் கொடுத்தால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். பயம் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று பொருள். இந்த ஒரு செய்தியை நேரத்துக்குச் சொல்ல ஆள் இல்லாததால் எத்தனை வீடுகளில் டின் வந்து இறங்குகிறது!

இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் முற்றுவது மூன்றாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள். அதாவது மருத்துவமனையை விட்டு வந்த பிறகு. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இது திராவிட இயக்க அரசியல் கட்டியெழுப்பிய பொதுச் சுகாதாரத்தின் வெற்றி. சந்தேகமில்லை. ஆனால் அதே ஆய்வு, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 விழுக்காடுதான் என்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.1 விழுக்காடு. கட்டில் கொடுத்துவிட்டோம். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அக்காவை வீடுவரை அனுப்பவில்லை.

அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1990களில் வங்கதேசத் தலைநகர் டாக்காவில் ஒரு முயற்சி நடந்தது. தாமே பால் கொடுத்துப் பழகிய உள்ளூர்த் தாய்மார்களுக்கு 10 நாள் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் தம் பகுதியில் உள்ள பெண்களைக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலிருந்து குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்வரை மொத்தம் 15 முறை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். ஐந்தாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்கள் அந்தப் பகுதிகளில் 70 விழுக்காடு. இந்தத் துணை கிடைக்காத பகுதிகளில் 6 விழுக்காடு. லான்செட் மருத்துவ இதழில் 2000ஆம் ஆண்டு இந்த முடிவுகள் வெளியாயின.

ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் பெருமளவு ஆதிவாசி மக்கள் வாழும் பகுதிகளில் ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் பெண்கள் குழுக்களைக் கூட்டியது. மாதம் ஒரு கூட்டம். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர், உள்ளூர்ப் பெண்கள். படங்களையும் கதைகளையும் வைத்துத் தம் சிக்கல்களைத் தாமே பேசித் தீர்வு தேடினார்கள். மூன்று ஆண்டுகளில், பிறந்த 28 நாட்களுக்குள் குழந்தைகள் இறக்கும் விகிதம் கூட்டங்கள் நடந்த பகுதிகளில் மற்ற பகுதிகளைவிட 32 விழுக்காடு குறைவாக இருந்தது. பெண்கள் உட்கார்ந்து பேசினார்கள், பிள்ளைகள் பிழைத்தார்கள்.

"சக" என்ற சொல்லின் எதிரி

மருத்துவ உலகம் இதைச் சக தாய்மார் துணை என்று அழைக்கிறது. இந்தச் சொல்லில் முக்கியமானது "தாய்மார்" அல்ல, "சக". மேலிருந்து அறிவுரை சொல்பவர் அல்ல, கீழிருந்து ஏவல் செய்பவரும் அல்ல. உன்னைப் போலவே வலித்தவர். உன் பக்கத்தில் உட்காரத் தகுதி உள்ளவர். சாதி என்கிற ஏற்பாடு முழுவதும் இந்த "சக" என்ற ஒரு சொல்லுக்கு எதிராகக் கட்டப்பட்டது. அம்பேத்கர் அதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர், கீழே ஒருவர். பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை.

தொடவே கூடாது என்று சொன்ன சமூகம் பிரசவ அறையில் மட்டும் எப்படிச் சமாளித்தது? மருத்துவமனை வருவதற்கு முன் நம் ஊர்களில் பிள்ளையை ஏந்தி எடுத்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலத்து மருத்துவச்சிகள். பல இடங்களில் தலித் பெண்களும் அந்த வேலையைச் செய்தார்கள். இரத்தம், நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி எல்லாம் தீட்டு என்பதால் அந்த வேலை அவர்கள் தலையில் கட்டப்பட்டது. அவர்களிடம் இருந்த அறிவுக்கு அறிவு என்ற பெயர் கிடைக்கவில்லை. வேலை முடிந்ததும் அவர்கள் தொட்ட இடத்தைக் கழுவினார்கள்.

தென்மாவட்டங்களில் சேனை வைத்தல் என்றொரு வழக்கம் உண்டு. பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைப்பார்கள். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. (பிறந்த குழந்தைக்கு இரண்டுமே கூடாது என்கிறது மருத்துவம்.) வயிற்றிலிருந்து பிள்ளையை உயிரோடு வெளியே எடுத்த கையைச் சேனை வைக்க அழைத்த வீடுகள் எத்தனை? சாதி ஒரு பெண்ணை வேலைக்காரியாக வீட்டுக்குள் விடும். தோழியாக விடாது.

இது பழங்கதை என்று நினைப்பவர்கள் 2018ஐ நினைவில் கொள்ளட்டும். திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். அவர் வடித்த சோற்றையே ஏற்காதவர்கள், அவர் வந்து தம் மகளின் மார்பைத் தொட்டு, பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக் காட்டுவதை ஏற்பார்களா? தாய்மார் குழுக்களை அமைப்போம் என்று அரசு நாளை அறிவித்தாலும், சாதியைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஊருக்கு ஒரு குழு, காலனிக்கு ஒரு குழு என்று இரட்டைக் குவளையாகத்தான் அது முடியும்.

நகரத்தில் சாதி வேறு உடை உடுத்திக்கொள்கிறது. படித்த இளம் தாய்மார்கள் வாட்ஸ்அப்பில் கூடி ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்வது நல்ல செய்திதான். ஆனால் அந்தக் குழுக்களில் பாதாமும் நெய்யும் பத்திய உணவாகப் பேசப்படுகிற அளவுக்குக் கருவாடும் மாட்டுக்கறியும் பேசப்படுகின்றனவா? பூண்டும் பால்சுறாவும் முருங்கைக்கீரையும் நம் பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிப்போட்டவை. எந்தத் தனி உணவும் மந்திரம் அல்ல. வயிறு நிறையச் சாப்பாடும் ஓய்வும்தான் தேவை. ஆனால் தன் வீட்டுச் சாப்பாட்டைச் சொல்லக் கூசுகிற பெண், தன் மார்பு வலியை மட்டும் எப்படிச் சொல்வாள்?

அமெரிக்காவிலும் இந்தப் பாடம் உண்டு. 1956இல் இல்லினாய் மாநிலத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து லா லேச்சே லீக் என்ற தாய்மார் அமைப்பைத் தொடங்கினார்கள். பால் கொடுப்பதில் தாய்க்குத் தாயே ஆசிரியர் என்ற கருத்தை உலகெங்கும் கொண்டுபோனது அது. ஆனால் அது பெரிதும் வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்களின் அமைப்பாகவே வளர்ந்தது. அடிமை முறைக் காலத்தில் தம் பிள்ளையைப் பட்டினி போட்டு எசமானர் பிள்ளைக்குப் பால் கொடுக்க வைக்கப்பட்ட பாட்டிகளின் பேத்திகளுக்கு அந்த வரலாற்றைத் தாண்டிப் பேச ஓர் இடம் தேவைப்பட்டது. 2013இல் கறுப்பினப் பெண்கள் தமக்கென்று தனியாக ஒரு தாய்ப்பால் வாரத்தைத் தொடங்கினார்கள். "தாய்மார்கள் எல்லோரும் ஒன்று" என்று மேலே இருப்பவர் சொல்லும்போது, கீழே இருப்பவரின் வலி கணக்கில் வருவதில்லை. நம் ஊரில் அடுக்குமாடி வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டித் தூங்க வைக்கத் தன் கைக்குழந்தையை விட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நேரம் யாருக்கு இருக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். 2025 ஆகஸ்ட் 1 அன்றுதான் சென்னை மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்கள், தம் வேலை தனியாருக்குக் கொடுக்கப்படுவதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தலித் மக்கள், அதிலும் நிறையப் பெண்கள். 13 நாட்கள் அங்கேயே இருந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். ஒரு பக்கம் "தாய்ப்பாலே அமுதம்" என்று சுவரொட்டி. இன்னொரு பக்கம் விடியுமுன்னே துடைப்பத்தோடு தெருவில் நிற்க வேண்டிய தாய். அந்தச் சுவரொட்டியின் கீழே சேரும் குப்பையை அள்ளுவதும் அவர்தான்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2017 திருத்தத்தின்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு. வரவேற்கிறோம். ஆனால் வயலில், செங்கல் சூளையில், கட்டட வேலையில், வீட்டு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு எது விடுப்பு? ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சட்டம் தாளில் உண்டு. கேட்டால் மறுநாள் அந்த இடத்தில் வேறொருவர். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் பொருளுமாகக் கிடைப்பது 18,000 ரூபாய். ஆறு மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 100 ரூபாய். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று சொல்லும் அரசு, அந்த ஆறு மாதத்துக்குப் போடும் விலை இது.

1928லேயே பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அதன் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். தாய்மை என்பது வீட்டுக்குள் அடங்கிய தியாகம் அல்ல, சமூகம் விலை கொடுக்க வேண்டிய உழைப்பு என்று அன்றே அவர் பார்த்தார்.

போதனை வேறு, துணை வேறு

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. தாய்மையைப் புனிதமாக்கி அதிலேயே பெண்ணைக் கட்டிப் போடும் தந்திரத்தைப் பெரியார் தோலுரித்தார். பிள்ளை பெறுவதே பெண்ணின் அடிமைத்தனத்துக்குக் காரணமாகிறது என்று சொல்லும் அளவுக்குப் போனார். அந்த மரபில் வந்த நாம், தாய்ப்பாலின் பெயரால் இன்னொரு விலங்கைச் செய்யக் கூடாது. "பால் கொடுக்காதவள் தாயா?" என்று கேட்கிறவர் யாராக இருந்தாலும் அவர் நமக்கு எதிரணி. சில பெண்களுக்கு உண்மையிலேயே போதிய பால் சுரக்காது. பிரசவத்தில் இரத்தம் மிகுதியாகப் போயிருக்கலாம். தைராய்டு சிக்கல் இருக்கலாம். சிலருக்கு மருந்து தடையாக இருக்கலாம். சிலருக்கு மனமும் உடலும் ஒத்துழைக்காது. முடியாதபோது மருத்துவர் சொல்கிறபடி பால்மாவு கொடுப்பது குற்றம் அல்ல. குழந்தை பசியாற வேண்டும், தாய் உடையாமல் இருக்க வேண்டும். பயத்தை விற்றுக் காசு பார்க்கும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. குழந்தைப் பால்மாவுக்கு விளம்பரம் செய்வதே அதில் தடை. சட்டத்தின் கை நிறுவனத்தின் மேல் விழட்டும், தாயின் மேல் விழ வேண்டாம்.

நல்ல துணைக்கு அடையாளம் எளிது. அது முதலில் கேட்கும்: "சாப்பிட்டியா? தூங்கினியா? எங்க வலிக்குது?" பிறகுதான் காட்டிக்கொடுக்கும். மார்பு சிவந்து காய்ச்சல் அடித்தால், பிள்ளை சோர்ந்து கிடந்தால், தாய் யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் "கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று கூட வரும்.

என்ன செய்ய வேண்டும்?

அங்கன்வாடி தோறும், நகர்ப்புற வட்டம் தோறும் தாய்மார் துணைக் குழு வேண்டும். அந்தப் பெண்களுக்குப் பயிற்சியும் மாத ஊதியமும் வேண்டும். சேவை என்ற பெயரில் ஏழைப் பெண்களிடம் இலவச உழைப்பைப் பிடுங்குவது போதும். குழுவில் தலித், பழங்குடிப் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அவர்கள் காலனிக்கு மட்டும் அல்ல, ஊர் முழுவதற்கும் துணையாளர்கள். வீட்டுக்குள் விட மறுத்தால் அது வன்கொடுமை என்ற கண்ணோடு பார்க்கப்பட வேண்டும். குழு கூடும் இடம் எல்லாத் தெருப் பெண்களும் கால் வைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அமைப்புசாரா தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு இணையாக ஆறு மாத மகப்பேறு ஊதியம் வேண்டும்.

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. நம் கூட்டங்களைப் பார்ப்போம். மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்துக்கு முடியும் வாசிப்பு வட்டங்கள். கைக்குழந்தையோடு வரும் தோழர் எங்கே உட்கார்வார், எங்கே பால் கொடுப்பார் என்று எத்தனை முறை யோசித்தோம்? திருமணத்துக்கு முன் மேடையில் முழங்கிய எத்தனை பெண் தோழர்கள் பிள்ளை பிறந்த பிறகு காணாமல் போனார்கள்? சாதி மறுத்து மணந்த இணையருக்குக் கைதட்டினோம். இரு வீட்டாரும் கைவிட்ட நிலையில் அவர்களுக்குப் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் இரவு, "காம்பு வெடிச்சிருக்கு, என்ன பண்றது?" என்று அந்தப் பெண் யாரிடம் கேட்பாள்? அவளுக்கு அம்மா வீடும் இல்லை, மாமியார் வீடும் இல்லை. இயக்கம்தான் தாய்வீடு என்று சொன்னோமே. தாய்வீடு என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், இரவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். இவற்றில் எதற்கும் மார்பு தேவையில்லை. ஆண் தோழர்கள் செய்யலாம்.

கடைசியாக ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சொல்லி முடிப்போம். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது. 2014இல் சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கும் வந்தது. பால் மிகுதியாகச் சுரக்கும் தாய்மார் கொடுக்கும் பாலைச் சேர்த்து, 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். நோய் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். சாதி என்ன என்று சோதிக்க அங்கே கருவி இல்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த மண்ணில், பல தாய்களின் பால் ஒரே பாத்திரத்தில் கலந்து, தன் சாதி தெரியாத ஒரு குழந்தையைப் பிழைக்க வைக்கிறது.

பால் கலந்துவிட்டது. பக்கத்துத் தெரு அக்கா கதவைத் தட்டினால் "உள்ள வாங்கக்கா" என்று சொல்வதுதான் பாக்கி.